மெய்ப்பொருளைக் காட்டுவதாகச் சொல்லும் இரட்டைப் பிளவுப் பெட்டி: எதைக் காட்டுகிறது, எங்கே நிற்கிறது

பெட்டியின் மேலட்டையில் உள்ள வாக்கு பெரியது. உலகத்தின் இறுதி இயல்பை உங்கள் மேசைமேலேயே காணலாம் என்கிறது. திறந்தால் ஒரு சிவப்பு லேசர், ஒரு கண்ணாடிச் சில்லு, நான்கு போலராய்டு தாள்கள் (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை), கொஞ்சம் செப்புக் கம்பி, தாங்கிகள், ஒரு வெள்ளைத் திரை, ஒரு கையேடு. ஏறக்குறைய இதே சாமான்களோடு வேறு பெயர்களிலும் பெட்டிகள் விற்கப்படுகின்றன. கீழே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சாமான்கள் தரமானவை. கையேட்டின் முதல் பாதி சரியானது. இரண்டாம் பாதி, அதாவது 'பார்ப்பவரின் மனமே உலகை உருவாக்குகிறது' என்று தொடங்கும் பகுதி, அந்தச் சாமான்கள் காட்டாத ஒன்றைக் காட்டியதாகச் சொல்கிறது. அதற்காக மேலட்டை வாக்கை முழுப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. மெய்ப்பொருள் இன்னதென்று இந்தப் பெட்டி சொல்லாது. அது இன்னதாக இருக்க முடியாது என்று எப்படி அடித்துச் சொல்வது, அந்த வேலையை எப்படித் தொடங்குவது என்பதை மிக நன்றாகவே கற்றுத் தருகிறது. அதுவும் அறிவுதான். கையேடு அதைச் சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு.

சாமான்களும் அவற்றின் அளவுகளும்

லேசர் 650 நானோமீட்டர், 1 மில்லிவாட். இது இரண்டாம் வகுப்பு லேசர். தற்செயலாகக் கண்ணில் பட்டால் இமைக்கும் அனிச்சைச் செயலே காப்பாற்றும் என்ற கணக்கில் வகுக்கப்பட்ட எல்லை அது. மலிவான லேசர்களில் அட்டையில் எழுதியதைவிடத் திறன் கூடுதலாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. எனவே கற்றையை நேராகப் பார்க்காதீர்கள், போலராய்டு தாள் வழியாகவும் பார்க்காதீர்கள். கற்றை கண் மட்டத்துக்குக் கீழே ஓடட்டும்.

கண்ணாடிச் சில்லில் நான்கு இரட்டைப் பிளவுகள், அதாவது அருகருகே இரண்டிரண்டாக மெல்லிய கீற்றுகள், உள்ளன. அவற்றின் வழியே வரும் ஒளி, ஒளியும் இருளும் மாறிமாறி வரும் பட்டைகளாகத் திரையில் விழும். பிளவின் அகலம் 0.04 அல்லது 0.08 மி.மீ.; இரு பிளவுகளுக்கு இடையே 0.25 அல்லது 0.5 மி.மீ. முதல் சோதனைக்கு 0.04 அகலமும் 0.25 இடைவெளியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றில் பட்டைகள் நெருங்கிவிடும், அல்லது எண்ணக் கிடைப்பவை குறையும்.

செப்புக் கம்பியின் தடிமன் 0.25 மி.மீ. கையேடு இதை ஏதோ உபரிப் பொருள்போல் கடைசியில் குறிப்பிடுகிறது. பெட்டியிலேயே மதிப்பு மிகுந்த பொருள் இதுதான். தாமஸ் யங் 1803-இல் சூரிய ஒளிக்கற்றையைப் பிரிக்க வைத்தது ஒரு மெல்லிய அட்டைத் துண்டு. அதன் இரு ஓரங்களையும் சுற்றி வந்த ஒளியே பட்டைகளை உண்டாக்கியது. ஒரு பக்க ஒளியை மறித்தவுடன் அவை மறைந்தன. கம்பி அந்த அட்டைத் துண்டின் வாரிசு.

முதல் சோதனை: பட்டை அகலம்

சில்லிலிருந்து திரை 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மேசைமேல் இடம் போதவில்லை என்று அரை மீட்டரில் வைத்தால் பட்டைகள் 1.3 மி.மீ. இடைவெளியில் நெருங்கிவிடும், அளப்பதில் வரும் பிழை விடையையே விழுங்கும். 2 மீட்டரில் கணக்கு இப்படி: அலைநீளத்தைத் தொலைவால் பெருக்கிப் பிளவு இடைவெளியால் வகுத்தால் 5.2 மி.மீ. ஒரு பட்டையை மட்டும் அளக்காதீர்கள். நடுவிலிருந்து இரு புறமும் ஐந்தைந்து எண்ணி, பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் 52 மி.மீ. வரவேண்டும். அரை மி.மீ. தவறினாலும் பிழை ஒரு விழுக்காடுதான்.

நடு ஒளித்திட்டுக்குள் 13 பொலிவான பட்டைகள் தெரியவேண்டும். பிளவு அகலத்தைப் போல இடைவெளி 6.25 மடங்கு என்பதால் ஆறாவது பட்டை வரை திட்டுக்குள் அடங்கும்: இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6, நடுவில் 1. ஓரத்தில் உள்ளவை மிக மங்கல். 13-க்குப் பதில் 9 அல்லது 10 தான் தெரிந்தால் அறை போதிய இருட்டாக இல்லை என்று பொருள்.

தவறுகள் வரும் இடங்கள் சில. கற்றை இரு பிளவுகளிலும் சமமாக விழாவிட்டால் இருண்ட பட்டைகள் சாம்பலாகிவிடும். சில்லை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தி இருள் ஆழமாகும் இடத்தில் நிறுத்துங்கள். சில்லில் விரல்ரேகை பட்டால் பட்டைகளின் மேல் புள்ளிப்புள்ளியாக ஒரு சல்லடை தெரியும். விடை 51 அல்லது 53 என்று வந்தால் கவலை வேண்டாம். டையோடு லேசரின் அலைநீளம் அட்டையில் உள்ளதிலிருந்து சில நானோமீட்டர் விலகியே இருக்கும். சூடேறினால் இன்னும் கொஞ்சம் நகரும். ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பிறகு அளப்பது நல்லது.

இது வெறும் பள்ளிக்கூடச் சோதனை என்று கையேடு இரண்டு பக்கத்தில் தாண்டிப் போகிறது. மெய்ப்பொருள் பற்றிய கேள்வியில் பெட்டி தருவதில் பாதி இங்கேதான் இருக்கிறது. 5.2 மி.மீ. என்ற எண்ணைக் கொடுத்த சமன்பாட்டை எண்ணிப் பாருங்கள். யங்குக்கும் அவருக்குப் பின் வந்த ஃப்ரெனலுக்கும் ஒளி என்பது ஈதர் என்ற ஊடகத்தின் அதிர்வு. மேக்ஸ்வெல் 1865-இல் அதை மின்காந்தப் புலத்தின் அலை என்றார். 1905-இல் ஐன்ஸ்டைன் ஈதரே தேவையில்லை என்று காட்டினார். 1927-இல் டிராக் தொடங்கிவைத்த குவாண்டம் கோட்பாட்டில் அலைவது நிகழ்தகவு வீச்சு, அதாவது ஒளி எங்கே பதியும் என்ற வாய்ப்பைக் கணக்கிட்டுத் தரும் அளவு. 'ஒளி என்றால் என்ன' என்ற கேள்விக்கான விடை அடியோடு மூன்று முறை மாறியது. 5.2 மி.மீ. மாறவே இல்லை.

இதைக் கண்டு இரு தரப்பினர் இருவிதமாகப் பேசுகிறார்கள். மூன்று முறை மாறியது நான்காவது முறையும் மாறும், ஆகவே உள்ளபடி அறிவது நடவாத காரியம் என்பது ஒரு தரப்பு. மாறாமல் நின்ற உறவுதான் உள்ளபொருளிலிருந்து நம் கைக்கு வந்தது என்பது மறு தரப்பு. இரண்டாவதை 1989-இல் ஜான் வொரல் என்ற தத்துவ அறிஞர் ஃப்ரெனலின் சமன்பாடுகளையே எடுத்துக்காட்டாக வைத்து வாதிட்டார்: ஈதர் போனது, சமன்பாடு மேக்ஸ்வெல்லிடம் அப்படியே போய்ச் சேர்ந்தது. அந்த வாதத்துக்குள்ள வலுவும் அது தடுக்கி விழும் இடமும் பின்னால் வரும். இங்கே ஒன்று மட்டும்: வொரலின் வாதத்தை அளவுகோலால் தொட்டுப் பார்க்க இந்தப் பெட்டியைவிட நல்ல கருவி இல்லை.

கம்பிச் சோதனை: கையேடு வழுக்கும் இடம்

இதைச் சரியாகச் செய்ய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையேட்டின் படிகள் போதாது. கீழே உள்ளபடி செய்தால் வரும்.

முதலில் போலராய்டு தாள்களின் இரு புறமும் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரித்துவிடுங்கள். உரிக்காமல் செய்வதுதான் இந்தச் சோதனை தோற்பதற்கான தலையாய காரணம். அந்தப் பிளாஸ்டிக்கும், ஒளி செல்லும் பாதையில் ஒட்டும் செல்லோடேப்பும், ஒளியின் தளவிளைவை, அதாவது அது அதிரும் தளத்தை, திருப்பிவிடும். மறையவேண்டிய பட்டைகள் அரைகுறையாக நிற்கும். டேப்பைத் தாளின் விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள்.

தாளின் அச்சு, அதாவது அது விடும் ஒளி அதிரும் திசை, எது என்று குறிக்கப்படவில்லை. பளபளப்பான தரையில் சாய்வாகத் தெரியும் விளக்கொளியைத் தாள் வழியாகப் பாருங்கள். தாளைச் சுழற்றும்போது பளபளப்பு மிக மங்கும் நிலையில் அதன் அச்சு செங்குத்தாக இருக்கிறது. பென்சிலால் கோடிட்டுக் கொள்ளுங்கள்.

ஒரு தாளைப் புதிய பிளேடால் அச்சின் வழியே இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை 90 பாகை திருப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கமாகச் சட்டத்தில் பொருத்துங்கள். ஒன்றின் அச்சு செங்குத்து, மற்றதன் அச்சு கிடை. கம்பியின் எந்தப் பக்கம் வந்தது என்ற அடையாளத்தை ஒளிக்கு இடுவது இதுதான். இணையும் கோட்டின்மேல் செப்புக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். இணைப்பு முழுதும் கம்பியின் 0.25 மி.மீ. அகலத்துக்குள் மறையவேண்டும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அங்கே ஒரு கருங்கோடு விழும். இடைவெளி விட்டால் அதன் வழியே அடையாளம் பெறாத ஒளி கசியும். இரண்டுமே சோதனையைக் கெடுக்கும். பிசிறில்லாத வெட்டு கிடைக்கும்வரை ஓரிரு தாள்கள் வீணாகலாம். உற்பத்தியாளர் நான்குக்குப் பதில் ஆறு தாள்கள் வைத்திருக்கவேண்டும்.

லேசர் ஒளியே ஒரு தளத்தில்தான் அதிர்கிறது. லேசரை அதன் தாங்கியில் சுழற்றி, இரு பாதிகள் வழியாகவும் சமமான ஒளி வரும் நிலையில், அதாவது 45 பாகையில், நிறுத்துங்கள். இதைக் கையேடு சொல்லவே இல்லை. செய்யாவிட்டால் ஒரு பாதி இருண்டு கிடக்கும். பட்டைகள் மறைவதற்கான காரணம் அதுவாகிவிடும், நீங்களோ வேறு காரணத்தால் மறைந்ததாக நம்புவீர்கள்.

இனி பார்க்கவேண்டியது. தாள்கள் இல்லாமல் கம்பி மட்டும்: திரையில் நேர்க்கற்றை விழும் நடுப்புள்ளிக்கு இரு புறமும் பட்டைகள், இடைவெளி ஏறத்தாழ அதே 5.2 மி.மீ. தாள்கள் பொருத்திய சட்டத்தை வைத்ததும் பட்டைகள் கரைந்து சமமான மங்கல் ஒளியாகிவிடும். இப்போது வெட்டாத இன்னொரு தாளைப் பகுப்பானாக, திரைக்கு முன்னால் 45 பாகையில் பிடியுங்கள். பட்டைகள் திரும்பி வரும்; ஒளி பாதியாகக் குறையும். பகுப்பானை எதிர்ப்புற 45 பாகைக்குத் திருப்புங்கள். பட்டைகள் இருக்கும், ஆனால் அரைப்பட்டை, சுமார் 2.6 மி.மீ., நகர்ந்திருக்கும். முன்பு ஒளிர்ந்த இடம் இப்போது இருள். பகுப்பானை நேர்செங்குத்தாகவோ கிடையாகவோ பிடித்தால் பட்டைகள் இல்லை.

திரையில் ஒரு தாளை ஒட்டி, முதல் நிலையில் ஒளிரும் இடங்களைப் பென்சிலாலும் இரண்டாம் நிலையில் ஒளிர்பவற்றை மையாலும் குறியுங்கள். பென்சில் கோடுகளின் நடுவே மைக்கோடுகள் வந்து உட்காரும். இரண்டையும் சேர்த்தால் எங்கும் ஒரே அளவு ஒளி. பகுப்பான் இல்லாதபோது கண்ட மங்கல் ஒளி இதுதான். பகுப்பான் போனதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. கலந்து கிடந்த இரண்டு வரிசைகளில் ஒன்றை வடித்துக் காட்டுகிறது. இந்த ஒற்றைத் தாளை வரைந்து முடித்தவருக்கு, இத்தகைய சோதனைகளைப் பற்றிப் புழங்கும் 'அழித்தல்', 'கடந்த காலத்தை மாற்றுதல்' போன்ற பெரிய சொற்கள் எங்கே பிழையாகின்றன என்பது தானே விளங்கிவிடும்.

கையேடு இதே சோதனையை வைத்து, ஒளி எந்தப் பக்கம் வந்தது என்று நாம் அறிவதால்தான் பட்டைகள் மறைகின்றன, மனம் தலையிடுகிறது என்கிறது. இதை நேராகவே சோதிக்கலாம். கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பீட்டைக் கெடுக்கும். பத்து நொடி தாமதம் வைத்து அறையை விட்டு வெளியே போங்கள். சட்டம் இருந்தபோது எடுத்த படத்தில் பட்டைகள் இருக்காது, இல்லாதபோது எடுத்ததில் இருக்கும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. படத்தைப் பின்னால் யாரோ பார்க்கிறார்களே, அப்போதுதான் நிச்சயமாகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை எந்தப் படத்தாலும் மறுக்க முடியாது என்பது உண்மை. எந்தப் படம் வந்தாலும் அந்த வாதம் அப்படியே நிற்கும் என்பதால், இந்தச் சோதனை அதற்குச் சான்றாகவும் ஆகாது. கையேடு சான்று என்கிறது. அங்கேதான் தவறு.

இன்னும் அடிப்படையான குறை ஒன்று. இந்தக் கம்பிச் சோதனையை விளக்கக் குவாண்டம் கோட்பாடே தேவையில்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அதிரும் ஒளியலைகள் குறுக்கீட்டுப் பட்டைகள் தருவதில்லை என்பதை ஃப்ரெனலும் அரகோவும் 1819-இலேயே வெளியிட்டார்கள். ஒளியை அலையாக மட்டும் கொண்டு எல்லா முடிவுகளையும் கணக்கிட்டுவிடலாம்.

தனித்தனி ஃபோட்டான் என்ற கூற்று

ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளியின் ஒவ்வொரு தனித் துகளும், தன்னந்தனியாகக் கம்பியின் இரு பக்கமும் செல்வதை இங்கே காண்கிறீர்கள் என்கிறது கையேடு. கணக்கிட்டுப் பார்ப்போம். 650 நானோமீட்டரில் ஒரு 1 மில்லிவாட் லேசர் நொடிக்குச் சுமார் 33 கோடி கோடி ஃபோட்டான்களை உமிழ்கிறது. ஒளி 2 மீட்டரைக் கடக்க 7 நானோ நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் வழியில் இருப்பவை சுமார் 2.2 கோடி. தனிமை எங்கே?

தனிமை வேண்டுமானால் ஒளியை நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டிகள் வேண்டும். அப்போதும் நொடிக்கு 33 லட்சம் வரும்; ஆனால் 2 மீட்டர் வழியில் சராசரியாக 0.02 தான் இருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒளிப்பெருக்கிக் குழாய் போன்ற உணர்கருவியும் ஒளி கசியாத பெட்டியும் வேண்டும். 1909-இல் ஜெஃப்ரி டெய்லர் செய்தது ஏறக்குறைய இதுவே: ஓர் ஊசியின் நிழலைப் புகைமூட்டிய கண்ணாடிகள் வழியே மிக மங்கிய ஒளியில் படமெடுத்தார், மிக நீண்ட படம் பதிய சுமார் 3 மாதம் ஆனது. பட்டைகள் கொஞ்சமும் மங்கவில்லை. ஆனால் மங்கலாக்கிய ஒளியிலும் எப்போதாவது இரண்டு சேர்ந்து வரலாம். அந்த ஐயமும் தீரும்படி, உண்மையிலேயே ஒற்றை ஒற்றையாக வரும் ஃபோட்டான்களைக் கொண்டு கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் செய்த சோதனை 1986-இல்தான் வந்தது. எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக விழுந்து புள்ளிகளாகச் சேர்ந்து பட்டையாவதைத் தோனோமுராவும் தோழர்களும் 1989-இல் காட்டினார்கள். 60 கரி அணுக்கள் கொண்ட மூலக்கூறுகூட 1999-இல் அதையே செய்தது.

இவற்றைக் கையேடு உண்மைகளாகச் சொல்லி, இந்தப் பெட்டி அவற்றின் எளிய மாதிரி என்று எழுதியிருந்தால் குறையே இல்லை. தான் செய்யாததைச் செய்ததாகச் சொல்வதால் செய்ததன் மதிப்பும் கெடுகிறது.

எத்தனை விவரிப்புகள் மிஞ்சுகின்றன

ஒற்றைத் துகள் சோதனைகளை ஏற்றுக்கொண்ட பிறகும், 'உண்மையில் என்ன நடக்கிறது' என்பதற்குப் பல விடைகள் அருகருகே நிற்கின்றன. நீல்ஸ் போர் வழியில், கருவி அமைப்பைப் பிரித்துவிட்டு ஃபோட்டானின் இயல்பைப் பற்றிப் பேசுவதே பொருளற்றது. 1952-இல் டேவிட் போம் வகுத்தபடி, துகள் எப்போதும் ஒரு பக்கமே செல்கிறது. அதை வழிநடத்தும் அலை இரு பக்கமும் செல்கிறது. 1957-இல் எவரெட் சொன்னபடி, இரண்டும் நடக்கின்றன, உலகம் கிளைக்கிறது. இந்த மூன்றும் திரையில் ஒரே எண்ணைத்தான் கணிக்கின்றன. இன்னும் எத்தனை துல்லியமான லேசர் வாங்கினாலும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1986-இல் வந்த, அலை தானாகவே அவ்வப்போது சுருங்குகிறது என்ற கொள்கை மட்டும் வேறு வகை. அதன் எண்கள் மிகச் சிறிதளவு வேறுபடுவதால் சோதனைக்கு உட்படும்.

கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்ற முதுமொழியைக் கையேடு இந்த இடத்தில் எடுத்துப் போட்டு, ஆகவே எல்லாம் சொல்லுக்கு அப்பாற்பட்டது என்று முடித்துக்கொள்கிறது. மொழி அழகானது, முடிவு அவசரம். சொல்ல முடியாது என்பதிலும் பல வகை உண்டு. கான்ட் 1781-இல் வைத்த எல்லை ஒன்று: பொருள் நமக்குத் தோன்றும் விதத்தையே அறிகிறோம், தன்னளவில் அது எப்படி என்பதை அல்ல. சமணரின் ஏழுவகைக் கூற்றுமுறையில் 'சொல்லொணாதது' என்பது ஏழில் ஒரு நிலை. மற்ற ஆறும் அதனால் செல்லாமல் போய்விடுவதில்லை. வேதாந்தியரின் 'இதுவன்று, இதுவன்று' என்ற முறை வாயை மூடிக்கொள்ளும் முறை அல்ல. ஒன்றை எடுத்து, ஆராய்ந்து, தக்க காரணத்தோடு தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும் முறை. இந்தப் பெட்டியோடு நெருங்கிய உறவு கொண்டது கடைசியாகச் சொன்ன அதுதான்.

கையேட்டில் இருந்திருக்கவேண்டிய பக்கம்

அடித்துத் தள்ளுவதற்கு இதுவரை கிடைத்த மிகக் கூரிய கருவி இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் தந்தது. கருவி வாங்கவேண்டியதில்லை, ஒரு தாளும் பென்சிலும் போதும். கையேடு அதைப் பெயரளவில்கூடச் சொல்லாதது பெரிய குறை. செய்முறை இது.

ஒரே இடத்தில் பிறந்த இரண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இடப்பக்கத்தவர் தன் போலராய்டை 0 அல்லது 45 பாகையில் வைக்கலாம். விடைகளை அ, ஆ என்போம். வலப்பக்கத்தவர் 22.5 அல்லது 67.5, விடைகள் இ, ஈ. ஒளி கடந்தால் +1, கடக்காவிட்டால் −1. ஒவ்வொரு இணையும் நான்கு கேள்விகளுக்கும் விடையை முன்கூட்டியே கையில் எழுதிக்கொண்டு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதக்கூடிய விதங்கள் மொத்தம் 16. தாளில் 16 வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் அஇ + ஆஇ + ஆஈ − அஈ என்பதைக் கணக்கிடுங்கள். எந்த வரிசையிலும் விடை +2 அல்லது −2 தான் வரும். வேறு எண் வரவே வராது. ஆகவே எத்தனை கோடி இணைகளின் சராசரி எடுத்தாலும் 2-ஐத் தாண்ட முடியாது.

குவாண்டம் கோட்பாடு இதே கோணங்களுக்குக் கணிப்பது 2.83. அஸ்பேயும் தோழர்களும் 1982-இலும், விடுபட்ட ஓட்டைகளையும் அடைத்து மூன்று தனித்தனிக் குழுக்கள் 2015-இலும் சோதித்தபோது, பெல் வகுத்த எல்லை ஒவ்வொரு முறையும் மீறப்பட்டது. 2022-இன் இயற்பியல் நோபல் பரிசு அஸ்பே, கிளாசர், ட்சைலிங்கர் மூவருக்கும் இந்தப் பணிக்காகவே தரப்பட்டது.

அடிபட்டது எது என்பதைக் கவனமாகச் சொல்லவேண்டும். 'விடைகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன' என்பது தனியாக அடிபடவில்லை. விடைகள் முன்பே உள்ளன, ஓரிடத்துச் செயல் ஒளியைவிட வேகமாக இன்னோர் இடத்தைத் தொடாது, அளப்பவர் கோணத்தைத் தேர்ந்தெடுப்பது துகளுக்குத் தொடர்பில்லாதது என்ற மூன்றும் சேர்ந்த விவரிப்பு அடிபட்டது. போமின் விவரிப்பு இரண்டாவதைக் கைவிட்டுத் தப்புகிறது. ஆனால் மூன்றையும் ஒன்றாக வைத்திருக்கும் ஒரு கோட்பாடு நாளை யார் மூளையில் உதித்தாலும், எத்தனை அழகாக இருந்தாலும், அது இந்த உலகத்தைப் பற்றியதாக இருக்காது. இன்னும் பிறக்காத கோட்பாடுகளையும் சேர்த்துத் தள்ளும் அறிவு இது. உலகை அறியவே முடியாது என்பவர் இதை எந்தக் கணக்கில் வைப்பார்?

இந்தச் சோதனையை நடத்த இந்தப் பெட்டி போதாது. 405 நானோமீட்டர் லேசர், அந்த ஒளியை 810 நானோமீட்டர் இணைகளாகப் பிரிக்கும் படிகம், இரண்டு ஒற்றை ஃபோட்டான் உணர்கருவிகள், ஒரே கணத்தில் வருபவற்றை மட்டும் எண்ணும் மின்சுற்று ஆகியவை வேண்டும். கல்லூரி ஆய்வகங்களுக்கான அமைப்புகள் உள்ளன. வீட்டு மேசைக்கு உரியவை அல்ல. 16 வரிசைத் தாள் எல்லோருக்கும் உரியது.

உறவு மட்டுமே போதுமா

வொரலின் வாதத்தில் ஒரு பள்ளம் உண்டு. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-இல், புற உலகைப் பற்றி நாம் அறிவது அதன் உறவமைப்பை மட்டுமே என்று எழுதினார். அடுத்த ஆண்டே மேக்ஸ் நியூமன் என்ற கணித அறிஞர் அதை மடக்கினார்: 'இந்த அமைப்புடைய ஏதோ உறவுகள் உள்ளன' என்பது மட்டும் உங்கள் அறிவானால், போதிய எண்ணிக்கை உள்ள எந்தப் பொருள்குவியலையும் அந்த அமைப்பில் அடுக்கிக் காட்டலாம், ஆகவே நீங்கள் அறிந்தது எண்ணிக்கையை மட்டுமே. ரஸ்ஸல் அதை ஒப்புக்கொண்டார்.

இந்தப் பெட்டியை வைத்துச் சொன்னால், 5.2 என்ற எண் தனியே ஒன்றும் சொல்லாது. ஆனால் நாம் எண்ணை மட்டும் வாங்கவில்லை. பிளவு இடைவெளியை 0.25-இலிருந்து 0.5-க்கு மாற்றினால் பட்டை பாதியாகிறது. திரையை இரு மடங்கு தள்ளினால் இரு மடங்காகிறது. கை எதை அசைத்தது, எது அதனால் அசைந்தது என்பது காகிதத்தில் அடுக்கிக்கொள்ளும் உறவு அல்ல. நியூமனின் எதிர்ப்பை இது முழுமையாகத் தீர்க்கிறது என்று சொல்வதற்கில்லை. 'அசைத்தல்' என்பதே இன்னோர் உறவுதானே என்று அவர் பக்கத்தார் கேட்பார்கள். ஆயினும் கருவியைக் கையால் நகர்த்திப் பார்க்காமல் சமன்பாட்டை மட்டும் படிப்பவருக்கு இந்த விவாதத்தில் ஒரு பாதி எட்டாமலே போகும். அதனால்தான் கையேட்டைப் பற்றி இத்தனை குறை சொன்ன பிறகும் பெட்டியைப் பரிந்துரைக்க முடிகிறது.

யாருக்கு, எப்படி

பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்த எவரும் முதல் சோதனையைச் செய்யலாம். கம்பிச் சோதனைக்குப் பொறுமையும் உதவிக்கு இன்னொருவர் கையும் வேண்டும். தத்துவம் கற்பிப்பவர்கள் கட்டாயம் வாங்கலாம். கையேட்டின் இரண்டாம் பாதியை மாணவர்கள் கையில் கொடுத்து, எந்த வாக்கியத்துக்கு இந்தச் சாமான்கள் சான்று, எதற்குச் சான்றல்ல என்று கோடிடச் சொன்னால் அந்தப் பாதியும் பயன்படும். குவாண்டம் நிகழ்வை நேரில் காணவேண்டும் என்று வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். அவர்களுக்கு இது ஏற்றதல்ல.

கையேட்டில் உள்ள பதிவுத் தாளில் 'கண்டது', 'முடிவு' என்று இரண்டே பத்திகள். அதை விட்டுவிட்டு நான்கு பத்தி போடுங்கள்: என்ன செய்தோம், என்ன எண் வந்தது, எந்த விவரிப்பு அடிபட்டது, எவை இன்னும் நிற்கின்றன. இரட்டைப் பிளவுக்கு மூன்றாவது பத்தியில், 'ஒளி நேர்கோட்டில் பாயும் மணிகள் மட்டுமே' என்பது வரும். கம்பிச் சோதனைக்கு, 'பட்டைகள் மறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்' என்பது. 16 வரிசைத் தாளுக்கு மேலே சொன்ன மூன்றின் கூட்டு. நான்காவது பத்தியை மற்ற மூன்றையும்விட அகலமாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அங்கே எழுதவேண்டியது நிறைய இருக்கும், பென்சிலாலேயே எழுதுங்கள்.